குட்டி யானைக்கு மதம் ஏற்றும் "சிப்" வித்தை!

"எஞ்சினைப் பிரிக்க வேணாம்ணே. ஒரு நட்டைக்கூடக் கழட்ட வேணாம். லேப்டாப்பைச் சொருகி எடுத்தா போதும். பதினஞ்சு, இருவது குதிரை கூடிடும்!"

இந்தப் பேச்சில் மயங்காத பிக்கப் வண்டிக்காரர் உண்டா? கோவை, பெங்களூரு, சென்னை போன்ற பெரிய ஊர்களில், வசதியான வீட்டுப் பிள்ளைகளின் கார்களுக்குச் செய்துவந்த வித்தை இது. இப்போது விளம்பரம் கைபேசி ஏறி, சின்ன ஊர்களின் லோடு வண்டி ஸ்டாண்டு வரைக்கும் வந்துவிட்டது. பேர் "சிப் டியூனிங்". "ரீமேப்" என்றும் சொல்கிறார்கள்.

ஆரணிக்கு இது வேடிக்கைச் செய்தி அல்ல. பட்டுக்கும் அரிசிக்கும் பேர் போன ஊர். பட்டுச் சேலை பையிலே போகும். அரிசி அப்படிப் போகுமா? சிப்பம் சிப்பமாக வண்டி ஏறித்தான் போக வேண்டும். நெல் வருவது, தவிடு போவது, காய்கறி இறங்குவது, கல்யாண வீட்டுப் பாத்திரம் ஏறுவது... எல்லாம் பிக்கப் வண்டியில்தான். அந்த வண்டி அடங்கி ஓடுகிறதா, தறிகெட்டு ஓடுகிறதா என்பது வண்டிக்காரரின் சொந்த விவகாரம் மட்டும் அல்ல. ஊர் விவகாரம்!

நேராகவே சொல்லிவிடலாம். சிப் வித்தையில் இழுவை கூடும். அது பொய் இல்லை. ஆனால் பிரேக் கூடாது, டயர் கூடாது, ரோடும் அகலம் ஆகாது. அதனால் லோடு வண்டிக்கு இந்த வித்தை வேண்டாம். அதோடு, வண்டிக்காரரை அந்த வித்தைப் பக்கம் தள்ளிவிடுகிறவர்களையும் சும்மா விடக்கூடாது.

சிப் என்றால் என்ன?

நெசவாளருக்கு இதைப் புரியவைக்க ரொம்ப நேரம் ஆகாது. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதில் ஓட்டை போட்ட அட்டைகள் மாலை போலச் சுற்றி வரும். ஓட்டை எப்படியோ அப்படி இழை தூக்கும். இழை எப்படியோ அப்படி பூ விழும், மாங்காய் விழும், அன்னம் விழும். பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-ம் வருஷம் செய்து காட்டிய ஏற்பாடு. கம்ப்யூட்டருக்கே அதுதான் பாட்டன் என்பார்கள்.

இன்றைய பிக்கப் வண்டிக்குள்ளும் அப்படி ஓர் "அட்டை" இருக்கிறது. ஈ.சி.யூ. என்று பெயர். பார்த்தால் சின்னப் பெட்டி. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தார்கள், எஞ்சின் என்ன வேகத்தில் சுற்றுகிறது, உள்ளே எவ்வளவு காற்று போகிறது, சூடு எவ்வளவு என்று கணத்துக்குக் கணம் பார்க்கும். பார்த்து, "இந்த நேரத்தில் இவ்வளவு டீசலைப் பீச்சு, டர்போ இவ்வளவு ஊதட்டும்" என்று உத்தரவு போடும். அந்த உத்தரவுக் கணக்குக்குப் பேர்தான் "மேப்". கம்பெனி எழுதிய கணக்கை அழித்துவிட்டு வேறு கணக்கு எழுதினால் ரீமேப்!

இதைவிட மலிவான வழி ஒன்று உண்டு. டீசல் குழாயில் அழுத்தம் பார்க்கும் சென்சாருக்கும் ஈ.சி.யூ.வுக்கும் நடுவில் குட்டிப் பெட்டி ஒன்றைச் செருகுவார்கள். "அழுத்தம் குறைச்சலா இருக்கு" என்று அது பொய் சொல்லும். ஈ.சி.யூ. அதை நம்பி அழுத்தத்தை ஏற்றும். இப்போதைய டீசல் எஞ்சினில் அந்தக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம், நாம் மூச்சு விடும் காற்றின் அழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். அங்கே போய்ப் பொய் சொல்லி விளையாட்டு!

டாட்டா ஏஸ் 2005-ல் வந்தபோது அதற்கு ரெண்டு சிலிண்டர், 16 குதிரைச் சக்தி. "குட்டி யானை" என்று ஜனங்கள் செல்லப் பேர் வைத்தார்கள். 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. அது ஒன்றே கால் டன். பொலிரோ பிக்கப்பில் 2 டன் வரைக்கும் ரகம் வந்தாச்சு. வண்டி பெருத்தது, டர்போ வந்தது, ஈ.சி.யூ. வந்தது. பின்னாலேயே வித்தைக்காரரும் வந்தார்.

அந்தக் காலத்து லாரிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. டீசல் பம்ப்பைத் திருகி ஏற்றி வைத்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் கரும்புகை காட்டிக் கொடுத்துவிடும். இன்று திருகுவது ஸ்க்ரூ டிரைவர் இல்லை, லேப்டாப். வெளியே ஒரு தடயமும் தெரியாது. அதுதான் ஆபத்து!

கம்பெனிக்காரன் முட்டாளா?

"கம்பெனிக்காரன் எஞ்சினைக் கட்டிப் போட்டு வெச்சிருக்கான்ணே. நாங்க அவுத்து விடுறோம், அவ்ளோதான்!" என்பது வித்தைக்காரர்களின் வாதம்.

பாதி உண்மை. எஞ்சினின் முழுப் பலத்தையும் கம்பெனி வெளியே விடுவதில்லை. ஏன்? மட்டமான டீசல் விழலாம். ஏர் ஃபில்டர் அடைத்துக்கொள்ளலாம். கத்திரி வெயிலில் லோடோடு மேடு ஏற வேண்டியிருக்கும். இதையெல்லாம் தாங்கி, லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட வேண்டும். அதற்காகக் கொஞ்சம் பலத்தைக் கையிருப்பாக வைத்திருக்கிறார்கள். குடும்பத்தில் அவசரத்துக்கு எடுத்து வைத்த பணம் மாதிரி. வித்தைக்காரர் அந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, "பாத்தீங்களா, வருமானம் கூடிப்போச்சு" என்கிறார்!

தறிக் கணக்கிலேயே பார்க்கலாம். அட்டையை மாற்றினால் பூ மாறும். பாவு நூலின் பலம் மாறுமா? அட்டை மாறியது என்று பலகையை ஓங்கி அடித்தால் இழைதான் அறும்.

எஞ்சினிலும் அதே கதைதான். டீசல் கூடினால் சூடு கூடும். பிஸ்டன் தலை வேகும். டர்போ பேரிங் தேயும். பழைய இழுவைக்குச் செய்த கிளட்ச் பிளேட், புது இழுவையைத் தாங்காமல் வழுக்கும். அடுத்தது கியர் பாக்ஸ். கம்பெனி வாரண்டி இருக்கிறதே என்று சர்வீசுக்குப் போனால், ஈ.சி.யூ.வில் கை வைத்ததைக் கண்டுபிடித்துக் கை விரித்துவிடுவார்கள். சிப் போட்டவர் அப்போது போனை எடுப்பாரா?

"மைலேஜ் கூடும்" என்று இன்னோர் ஆசை. காலியாக, மெதுவாக ஓட்டினால் கொஞ்சம் கூடலாம். ஆனால் இழுவை கூடியது என்று லோடை ஏற்றி, வேகமாய் மிதித்தால் டீசல் எங்கிருந்து மிஞ்சும்? சிப் போடுகிறவர் மெதுவாக ஓட்டவா போடுகிறார்?

குதிரை ஏறிச்சு... கடிவாளம்?

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

2015 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாரான சரக்கு வண்டிகளுக்கு மணிக்கு 80 கிலோமீட்டர் என்று வேகப் பூட்டு போட வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. பிக்கப்பும் அதில் சேர்த்தி. சிப் வித்தையில் முதலில் கழற்றப்படுவது அந்தப் பூட்டுதான்.

80-லிருந்து 100. இருபதுதானே கூடியது என்று தோன்றும். கணக்கு அப்படி இல்லை. வேகம் ரெண்டு மடங்கானால் வண்டியின் மோதும் பலம் நாலு மடங்காகும். 80-ஐ 100 ஆக்கினால் அந்தப் பலம் ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விடுகிறது. அவ்வளவையும் அதே பழைய பிரேக்தான் அடக்க வேண்டும். 80-ல் போகிற வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடும். 100-ல் 28 மீட்டர். டிரைவர் பார்த்து, பதறி, பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளே 6 மீட்டர் அதிகம் போய்விடும். குறுக்கே வந்த சைக்கிள்காரருக்கு உயிர் அந்த 6 மீட்டரில்தான் இருக்கிறது.

வேகம் போகட்டும். லோடு? ஒன்றே கால் டன் வண்டியில் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஐம்பது ஏற்றலாம். அதுதான் கணக்கு. சிப் போட்ட பிறகு, "எண்பது ஏத்துப்பா, வண்டி இழுக்குது" என்பார்கள். சிப் ஏறினால் சிப்பம் ஏறும்! எண்பது சிப்பம் என்றால் ரெண்டு டன். எஞ்சின் இழுக்கும், சரி. ஸ்பிரிங் பட்டை? ஆக்சில்? டயர்? பிரேக் டிரம்? இதில் எதற்காவது லேப்டாப் சொருகினார்களா?

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு லோடோடு இறங்குகிற வண்டியை நினைத்துப் பாருங்கள். ஏறும்போது சிப் உதவும். இறங்கும்போது? கொண்டை ஊசி வளைவில் காய்ந்துபோன பிரேக்குக்கு எந்தச் சிப் உதவும்?

பாவு மேலே கரி

டீசலை அதிகமாகப் பீச்சினால் அத்தனையும் எரியாது. எரியாத மிச்சம் கரும்புகையாக வெளியே வரும். விடிகாலையில் தெருவில் பாவு விரித்து, இழை இழையாகப் பார்த்துச் சரிசெய்கிறவர்களுக்கு, அந்த வழியே புகை கக்கிப் போகும் வண்டியை விடப் பெரிய எதிரி இல்லை. வெள்ளை இழையில் கரி படிந்தால் அந்த நஷ்டத்தை எந்த வண்டிக்காரர் கொடுப்பார்?

இழை போகட்டும், ஈரல் இருக்கிறதே! டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2012-ல் உறுதியாகச் சொல்லிவிட்டது. அதனால்தான் 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பி.எஸ்.-4, 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 என்று கட்டுப்பாட்டை இறுக்கினார்கள். புகையின் ஒரு பகுதியைத் திருப்பி எஞ்சினுக்கே அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு, கரியைப் பிடிக்கும் வடிகட்டி எல்லாம் அதற்காக வந்தவை. "அது அடைச்சுக்குதுண்ணே, சாப்ட்வேர்லயே ஆஃப் பண்ணிடலாம்" என்பதும் இந்த வித்தைக்காரர்களின் பட்டியலில் ஓர் அயிட்டம்.

"புகைச் சான்று வாங்கும்போது மாட்டிக்க மாட்டாங்களா?" என்று கேட்கலாம். அங்கேதான் ஓட்டை. டீசல் வண்டிக்குச் சான்று கொடுக்கும் இடத்தில் பார்ப்பது புகையின் கருமையைத்தான். கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு நஞ்சை அங்கே அளப்பதில்லை. இ.ஜி.ஆர். வால்வை மூடினால் கூடுவது அந்த நஞ்சுதான். சான்றிதழ் டாஷ்போர்டில் இருக்கும். நஞ்சு தெருவில் இருக்கும்!

அமெரிக்காவே பட்ட பாடு

பிக்கப் வண்டி மோகத்துக்கு அமெரிக்காதான் தலைநகரம். வேண்டுமென்றே கரும்புகை கக்க வைத்து, பின்னால் வருகிறவர் முகத்தில் அடிப்பதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருந்தவர்கள் அங்கே உண்டு. 2020-ல் அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் துறை ஒரு கணக்கு வெளியிட்டது. பத்து வருஷத்தில் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமான டீசல் பிக்கப்புகளில் புகைக் கட்டுப்பாட்டைக் கழற்றியிருக்கிறார்களாம். அவை கூடுதலாகக் கக்கும் நஞ்சு, 90 லட்சம் பிக்கப்புகளைப் புதிதாக ரோட்டில் இறக்கியதற்குச் சமமாம்!

தனி ஆள் மட்டும் அல்ல. 2023 டிசம்பரில் கம்மின்ஸ் எஞ்சின் கம்பெனி 167 கோடியே 50 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. ராம் பிக்கப்புகளுக்குக் கொடுத்த 6 லட்சத்து 30 ஆயிரம் எஞ்சின்களில், புகைக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் ஏற்பாடு இருந்தது என்பது புகார். தப்பு செய்ததாகக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பணம் கட்டியாக வேண்டி வந்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே தப்பிக்க முடியவில்லை. டியூ கட்டுகிற நம்ம ஊர் வண்டிக்காரர் எம்மாத்திரம்?

சட்டம் என்ன சொல்லுது?

"என் வண்டி, என் இஷ்டம்" என்று சொல்ல முடியாது. கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கேரளாவிலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரி 9-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதி செய்து தீர்ப்பளித்தது. அதே வருஷம் சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு, 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது ரெண்டும்.

ஓவர்லோடுக்கு 194-வது பிரிவு. 20 ஆயிரம் ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு அதிகப்படி டன்னுக்கும் 2 ஆயிரம். பத்து நடை ஓட்டிச் சேர்த்த காசு ஒரே செக்போஸ்டில் போய்விடும்.

இன்சூரன்ஸ்? சொல்லாமல் கொள்ளாமல் வண்டியில் செய்த மாற்றம், விபத்து நடந்த பிறகு பெரிய வில்லங்கம். சொந்த வண்டியின் சேதத்துக்குப் பணம் கேட்டு நிற்கும்போது அந்த ஒன்றைக் காட்டியே தட்டிக் கழிக்கலாம். வண்டியும் போச்சு, டியூவும் நிக்குது என்றால் குடும்பம் என்ன ஆகும்?

வண்டிக்காரர் மட்டுமா குற்றவாளி?

இத்தனையும் தெரிந்தும் ஏன் போகிறார்கள்? ஆசை மட்டும் காரணம் இல்லை. வயிறு!

டீசல் விலை ஏறும். டோல் ஏறும். டயர் விலை ஏறும். வாடகை மட்டும் ஏறாது. "அந்த வண்டிக்காரன் ரெண்டு டன் ஏத்துறான்பா, நீ இன்னா சட்டம் பேசுற?" என்று பார்ட்டி கேட்பார். "விடியறதுக்குள்ள செங்குன்றம் மண்டியில நிக்கணும், இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்பார் இன்னொருவர். ரெண்டு நடை லோடை ஒரே நடையில் அடிக்கச் சொல்வார்கள். வாடகை ஒரே நடைக்கு!

பாரம் ஏற்றச் சொன்னவர் குளிர்ந்த அறையில் இருப்பார். மாட்டுவது டிரைவர். இது நியாயமா? ஓவர்லோடு விஷயத்தில் சட்டம் ஓட்டுகிறவரை மட்டும் சொல்லவில்லை. ஓட்டச் செய்கிறவர், ஓட்ட அனுமதிக்கிறவர் என்றும் சேர்த்தே சொல்கிறது. அந்த ரெண்டு வார்த்தைகள் புத்தகத்தில் தூங்குகின்றன. அவற்றைத் தட்டி எழுப்பினால் பாதி சிப்பு வியாபாரம் படுத்துவிடும். ரெண்டு டன் லோடு இல்லையென்றால் ரெண்டு டன் இழுவை எதற்கு?

இன்னொரு கோணல். மாற்றம் செய்துகொண்ட உரிமையாளருக்கு 182ஏ பிரிவு இருக்கிறது. கம்பெனிக்கும் வண்டி விற்கும் டீலருக்கும் தண்டனை இருக்கிறது. நடுவில் லேப்டாப்போடு உட்கார்ந்து, பகிரங்கமாக விளம்பரம் செய்து, காசு வாங்குகிற வித்தைக்காரரை அந்தப் பிரிவு பேர் சொல்லிப் பிடிக்கவில்லை. கள்ளச் சாவி போட்டவனை விட்டுவிட்டு, அதை வாங்கியவனை மட்டும் பிடித்து என்ன பயன்?

என்ன செய்யலாம்?

ஒன்று: லோடு வண்டி எஃப்.சி.க்கு வந்துதான் ஆக வேண்டும். எட்டு வருஷம் வரை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் வருஷா வருஷம். விளக்கு எரிகிறதா, ஹார்ன் அடிக்கிறதா என்று பார்க்கும்போதே ஸ்கேனரையும் சொருகிப் பார்க்கட்டும். ஈ.சி.யூ.வில் இருக்கும் கணக்குக்குச் சரிபார்ப்பு எண் ஒன்று உண்டு. கணக்கை மாற்றினால் சாதாரணமாக அந்த எண்ணும் மாறும். கம்பெனி கொடுத்த எண்ணோடு ஒத்துப் பார்க்க எத்தனை நிமிஷம் ஆகும்?

ரெண்டு: அரிசி மில்லாகட்டும், மண்டியாகட்டும், சரக்கு ஏற்றி அனுப்பும் இடத்திலேயே எடைச் சீட்டும் ஆர்.சி. புத்தகமும் ஒத்துப் போக வேண்டும். ஒத்துப் போகாவிட்டால், கேட் திறந்து விட்டவருக்கும் நோட்டீஸ் போக வேண்டும்.

மூன்று: லோடு வண்டிக்குச் சிப் போடுகிற கடைக்குத் தனியாக ஒரு தண்டனை சட்டத்தில் வர வேண்டும்.

நாலு: வண்டிக்காரர்களே ஒன்று கூடி, ஏறும் எடைக்குத் தகுந்த வாடகை என்று நிற்க வேண்டும். ஒருத்தர் சிப் போட்டு அதிகம் ஏற்றினால் மற்ற பத்துப் பேர் வாடகையும் விழும். அவர் கெடுப்பது தன் எஞ்சினை மட்டும் இல்லை, தொழிலையே!

ரெண்டு டன் ஏற்ற வேண்டுமா? ரெண்டு டன்னுக்குச் செய்த வண்டி கடையில் இருக்கிறது. அதற்கு ஸ்பிரிங்கும், டயரும், பிரேக்கும் ரெண்டு டன்னுக்கே கொடுத்திருக்கிறார்கள். வேகம் வேண்டுமா? இருங்காட்டுக்கோட்டையில் பந்தய மைதானம் இருக்கிறது. கோவையில் கரி மைதானம் இருக்கிறது. ஹெல்மெட் போட்டு, ஆம்புலன்சை ஓரத்தில் நிறுத்தி வைத்து, அங்கே காட்டட்டும் குதிரை வேகத்தை. யார் வேண்டாம் என்கிறார்கள்?

பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஆரணித் தெருவுக்குள் வரும் வண்டிக்கு வேண்டியது இருபது குதிரை அல்ல. மிதித்த இடத்தில் நிற்கிற ஒரு பிரேக்!